ஜொகூர் மாநில இளைய வாக்காளர்கள்: 2022ஆம் ஆண்டின் இரு தேர்தல்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசிய அரசியல் வரலாற்றில் ஜொகூர் மாநிலத்திற்குத் தனியிடம் உண்டு. 1946ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் அம்னோ தோற்றம் பெற்றது ஜொகூர் பாருவில்தான். அக்கட்சியின் கோட்டை என நெடுங்காலம் கருதப்பட்ட இம்மாநிலத்திலேயே, 18 வயது நிரம்பியோர் நாட்டில் முதன்முறையாக வாக்களித்தனர். 2022 மார்ச் 12ஆம் நாள் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலே அது. எட்டுத் திங்கள் கழித்து, நவம்பர் 19ஆம் நாள், இம்மாநில வாக்காளர்கள் நாடாளுமன்றத் தேர்தலைச் சந்தித்தனர். இரு தேர்தல்களின் முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. அம்முரண்பாட்டின் வழி இளையோரின் அரசியல் சார்பைப் பற்றி எதைக் கூறலாம், எதைக் கூறலாகாது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

வாக்குரிமையின் வளர்ச்சி

1955 ஜூலை 27ஆம் நாள் மலாயாவில் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில் இந்திய வாக்காளர்கள் மொத்த வாக்காளருள் 5 விழுக்காட்டிற்கும் குறைவாகவே இருந்தனர். தோட்டப்புறத் தமிழருள் பெரும்பாலோர் குடியுரிமை பெறாதிருந்தமையே இதற்கு முதன்மைக் காரணமாகும். 1957ஆம் ஆண்டின் கூட்டரசு அரசமைப்புச் சட்டம் 119ஆம் விதியின்கீழ் வாக்களிக்கும் வயதை 21 என வரையறுத்தது. அவ்வயதை எட்டிய பின்னரும் ஒருவர் தாமே விண்ணப்பித்துப் பதிந்துகொண்டால்தான் வாக்காளராக முடியும் என்ற நிலை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது.

இந்நிலையை மாற்றக் கோரிய 'உண்டி 18' இயக்கம், அமெரிக்காவில் பயின்ற மலேசிய மாணவர்களின் முயற்சியாகத் தொடங்கியது. அதன் நிறுவனர் இருவருள் ஒருவர் தர்மா பிள்ளை; மற்றவர் கியிரா யுஸ்ரி. 2019 ஜூலை 16ஆம் நாள் வயது வரம்பை 18ஆகக் குறைக்கவும் வாக்காளர்களைத் தாமாகவே பட்டியலில் சேர்க்கவும் வழிவகுத்த திருத்தம், மக்களவையில் எதிர்ப்பின்றி 211 வாக்குகளால் நிறைவேறியது. அப்போதைய இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சர் சையிட் சாடிக் ஜொகூரின் மூவார் தொகுதி உறுப்பினர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

எனினும் சட்டம் நடைமுறைக்கு வரத் தாமதம் ஏற்பட்டது. இளைஞர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2021 செப்டம்பர் 3ஆம் நாள் கூச்சிங் உயர்நீதிமன்றம் அவ்வாண்டு இறுதிக்குள் இதனைச் செயற்படுத்துமாறு ஆணையிட்டது. டிசம்பர் 15ஆம் நாள் திருத்தம் நடப்புக்கு வந்தது.

இரு தேர்தல்கள், இரு முடிவுகள்

2018இல் ஏறத்தாழ 18 இலட்சமாக இருந்த ஜொகூர் வாக்காளர் எண்ணிக்கை 2022 மார்ச்சில் ஏறத்தாழ 26 இலட்சமாக உயர்ந்தது. ஆயினும் வாக்களித்தோர் 55 விழுக்காட்டினரே. ஏறத்தாழ 43 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்ற தேசிய முன்னணி, 56 இடங்களில் 40ஐக் கைப்பற்றியது. இளையோர் கட்சியாக அறிமுகமான மூடா புத்ரி வங்சா தொகுதியில் மட்டுமே வென்றது. இளைஞர்கள் பழைய ஆட்சியின் பக்கம் சாய்ந்துவிட்டனர் என்றும், அரசியலில் அக்கறையற்றவர்கள் என்றும் அப்போது கருத்துகள் எழுந்தன.

நவம்பரில் காட்சி மாறியது. நாடளாவிய நிலையில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் வாக்களித்தனர். ஜொகூரின் 26 நாடாளுமன்றத் தொகுதிகளில் பக்காத்தான் ஹராப்பான் 14ஐயும் மூடா ஒன்றையும் வென்றன. தேசிய முன்னணிக்கு 9, பெரிக்காத்தான் நேஷனலுக்கு 2 இடங்கள் கிட்டின. எட்டுத் திங்களில் ஒரு தலைமுறையின் கொள்கை முற்றாக மாறியது எனக் கொள்வது பொருந்தாது. மாறியது வாக்குச்சாவடிக்கு வந்தோரின் தொகை என்பதே நமது கருத்து.

வருகையைத் தீர்மானித்த காரணிகள்

முதலாவது, தொலைவு. தானியங்கிப் பதிவில் வாக்காளரின் தொகுதியை அடையாள அட்டையிலுள்ள முகவரியே முடிவுசெய்கிறது. சிகாமாட்டிலோ குளுவாங்கிலோ பிறந்து சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உழைத்த இளைஞர் 2022இல் வாக்களிக்க ஊர் திரும்ப வேண்டியிருந்தது. சிங்கப்பூருடனான தரைவழி எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் 1ஆம் நாள். அதாவது மாநிலத் தேர்தல் முடிந்து இருபது நாள் கழித்து.

இரண்டாவது, நம்பிக்கை. 2018இல் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த மாநில அரசு 2020 பிப்ரவரியில் தேர்தலின்றியே கவிழ்ந்தது. வாக்கினால் அமைந்த ஆட்சி கட்சித்தாவலால் மறைந்ததைக் கண்ட தலைமுறை இது. கட்சித்தாவல் தடுப்புச் சட்டம் 2022 அக்டோபர் 5ஆம் நாளே நடப்புக்கு வந்தது.

மூன்றாவது, தேர்தலின் கனம். எல்லை திறந்திருந்த 2023 செப்டம்பரில் நடைபெற்ற பூலாய் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் வாக்களிப்பு 50 விழுக்காட்டையும் எட்டவில்லை. ஆகவே எல்லை மூடல் மட்டுமே காரணமன்று. நாட்டை ஆள்வது யார் என்பதைத் தம் வாக்கு முடிவுசெய்யும் என்று கருதும்போது மக்கள் பயணச் செலவையும் பொருட்படுத்துவதில்லை எனலாம்.

வாக்களிப்பு மையங்களில் வாக்காளர்கள் வயது வாரியாக 'சாலுரான்' எனப்படும் வரிசைகளில் பிரிக்கப்படுகின்றனர். மூத்தோர் முதல் வரிசையிலும் இளையோர் கடைசி வரிசையிலும் அமைவர். வரிசைதோறும் வாக்குகள் தனித்தனியே எண்ணப்படுவதால் ஆய்வாளர் வயதுவாரிப் போக்கை ஊகிக்க இயலும். ஆனால் அவ்வெண்கள் வந்தோரைப் பற்றியே பேசுகின்றன; வாராதோரைப் பற்றி அல்ல.

தமிழ் இளைஞர்களின் நிலை

2007 நவம்பர் 25ஆம் நாள் ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பின் 2008இல் பினாங்கு, பேராக், சிலாங்கூர் ஆகிய மாநிலங்களில் ஆட்சி மாறியது. ஜொகூரிலோ தேசிய முன்னணி 26 நாடாளுமன்றத் தொகுதிகளில் 25ஐத் தக்கவைத்தது. மாற்றம் இங்கு வந்து சேரப் பத்தாண்டுகள் ஆயின. ம.இ.கா.வின் கோட்டையான சிகாமாட் 2018இல் கைமாறியது. அங்கு வென்ற உறுப்பினர் 2020இல் கட்சி மாறினார். ஆயினும் 2022 நவம்பரில் அத்தொகுதியை மக்கள் நீதிக் கட்சியின் ஆர். யுனேஸ்வரன் வென்றார். மார்ச்சில் ம.இ.கா. மூன்று சட்டமன்ற இடங்களை வென்றதையும் இதனுடன் சேர்த்து நோக்க வேண்டும். இனச் சார்பாகவோ கட்சிப் பற்றாகவோ மட்டும் இம்முடிவுகளை விளக்க முடியாது.

தோட்டங்களிலிருந்து மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் போன்ற தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஊதியம், வீட்டு விலை, உயர்கல்வி வாய்ப்பு ஆகியவை அன்றாடச் சிக்கல்கள். இவை பிற இன இளைஞர்களுக்கும் பொதுவானவை. ஆனால் எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மையாக இல்லாத ஒரு சமூகம் தன் கோரிக்கையைச் செவிமடுக்கச் செய்ய வாக்களிப்பு விகிதத்தையே நம்பியிருக்கிறது. பலமுனைப் போட்டிகளில் சில நூறு வாக்குகளும் முடிவை மாற்றக்கூடும்.

முடிவுரை

1955இல் தோட்டத் தமிழருக்குத் தடையாக நின்றது குடியுரிமை. பின்னர் வயதும் பதிவு முறையும் தடைகளாயின. அத்தடைகளைச் சட்டம் நீக்கிவிட்டது. இன்று எஞ்சியிருப்பது பட்டியலுக்கும் வாக்குச்சாவடிக்கும் இடைப்பட்ட தொலைவு. இளையோர் எப்பக்கம் சாய்கின்றனர் என்று வினவுவதற்கு முன், அவர்களுள் எத்தனை பேர் வந்தனர், வாராதோர் ஏன் வரவில்லை என்று வினவுவதே முறையாகும். அடையாள அட்டை முகவரியைப் புதுப்பித்தல், அஞ்சல் வாக்கு முறையை அறிந்துகொள்ளுதல் போன்ற எளிய செயல்களில் தமிழ் இளைஞர்களுக்கு வழிகாட்டுவது நம் சமூக அமைப்புகளின் கடமையாகும். அக்கடமை தேர்தல் நாள் அறிவிக்கப்படும் முன்னரே தொடங்க வேண்டியது என்பதை 2022 மார்ச் நமக்கு உணர்த்துகிறது.