நோயாளி சொல்லாமல் விடுவது

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரில் பலர் இரு மருத்துவர்களை நாடுகின்றனர். ஒருவர் அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றால் நோயை எதிர்த்தவர். மற்றவர் சோர்வுக்கும் பசியின்மைக்கும் சூரணமோ கஷாயமோ தருகின்ற வைத்தியர். ஆனால் பின்னவரைப் பற்றி முன்னவரிடம் பலர் வாய் திறப்பதில்லை. ஏன்?

சென்னையில் இரு பாதைகள்

மயிலாப்பூரில் 1905-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் வேங்கடரமண ஆயுர்வேத மருந்தகத்தை நிறுவினார். நாட்டு மருத்துவத்தை ஆராய, முகம்மது உஸ்மான் தலைமையில் சென்னை மாகாண அரசு அமைத்த குழு 1923-இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1925-இல் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. அதன் முதல்வர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி மேனாட்டு மருத்துவமும் பயின்றவர். இரு முறைகளையும் அறிந்த மருத்துவர்களை உருவாக்க அப்பள்ளி முயன்றது. ஆனால் 1960-இல் அவ்விடத்தில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. இரு முறைகளும் தனித்தனி வழியே சென்றன.

உஸ்மான் அறிக்கை வந்த அதே 1923-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவருடைய இடைவிடாத முயற்சியால் 1954 ஜூன் 18-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவர் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தனர்.

பிழைத்த பின்

சிகிச்சை முன்னேற முன்னேற, நோயிலிருந்து மீண்டவர்களின் தொகை பெருகியது. தாமே புற்றுநோய்க்கு ஆளான அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன், பிழைத்திருப்பதும் பல பருவங்களைக் கொண்டது என்று 1985-இல் எழுதினார். கட்டி மறைந்தாலும் அச்சமும் அயர்ச்சியும் உடனே மறைவதில்லை. உறக்கம், உணவு, மலச்சிக்கல் என்று நிதானமாக விசாரிக்கும் வைத்தியரிடம் நோயாளி மனம் விட்டுப் பேசுவதில் வியப்பில்லை.

பெரிய மருத்துவமனையிலோ நேரம் குறைவு. திட்டுவார்களோ என்ற பயமும் உண்டு. இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமன்று. அமெரிக்காவில் எடுத்த ஆய்வொன்று 1993-இல் வெளியாயிற்று. மாற்று முறைகளைக் கையாண்டவர்களில் நூற்றுக்கு 72 பேர் அதைத் தம் மருத்துவரிடம் சொல்லவில்லை என்று அது காட்டியது.

இந்த மௌனம் ஆபத்தானது. உதாரணமாக, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். அதே வேளையில், சிறுநீரகத்தைப் பாதிக்கும் உலோகம் கலந்த மருந்தையும் உட்கொண்டால் தீங்கு இரட்டிக்கலாம். வைத்தியரும் சிகிச்சைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்; மருத்துவமனைச் சிகிச்சையை நிறுத்தச் சொல்லக் கூடாது.

இருபத்தைந்து இலைகள்

சொல்வதால் விளையும் நன்மைக்கும் சான்று உண்டு. ஜமைக்காவில் நீரிழிவுக்கு நித்தியகல்யாணி இலைத் தேநீர் குடிப்பது வழக்கம். அதை அறிந்த நோயாளி ஒருவர், கனடா மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு 1952-இல் 25 இலைகளை அனுப்பினார். அவர் அவற்றைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் தந்தார். இலைச்சாறு சர்க்கரையைக் குறைக்கவில்லை. எலிகளின் இரத்த வெள்ளணுக்களைக் குறைத்தது! ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1958-இல் அதிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். அதே செடியில் கிடைத்த வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அளிக்கப்படுகிறது.

நோயாளி தயங்காமல் சொன்னார்; மருத்துவர் அலட்சியம் செய்யாமல் கேட்டார்; ஆய்வுக்கூடம் சோதித்தது. இம்மூன்றும் சேர்ந்தே அந்த மருந்தைத் தந்தன. ஆகவே, உங்கள் வீட்டில் யாரேனும் சிகிச்சை பெற்று வந்தால், அவர் உண்ணும் மருந்துகள் அனைத்தையும், சூரணம் உட்பட, ஒரு தாளில் எழுதி இரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.