அறிவும் அறிவிப்பும்: 'நோட்டீஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் வினைகளுள் 'நோட்டீஸ்' என்பதும் ஒன்று. கண்ணிற்படுதல், புலனாதல், கவனித்தல் என இதற்குப் பொருள் கூறும் அகராதிகள் 'அப்சர்வ்', 'ரிமார்க்', 'நோட்', 'பெர்சீவ்', 'ரிகார்டு', 'ஹீட்' ஆகியவற்றை இதனோடு ஒருபொருள் குறித்த சொற்களாக அடுக்குகின்றன. இவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு உருவகங்களிலிருந்து புறப்பட்டு வந்து ஓரிடத்தில் கூடியவை. அவ்வழிகளை அறியாத மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றிற்கும் 'கவனி' என்றோ, பெயராயின் 'அறிவிப்பு' என்றோ எழுதி அமைகிறார். சிற்சில இடங்களில் இதனால் நடைக்கு மட்டுமே குறை நேர்கிறது. சட்டத் தமிழிலோ பொருளே மாறிவிடுகிறது.

சொல்லின் மூலம் இலத்தீனில் உள்ளது. 'அறிதல்' என்னும் பொருளுடைய 'நோஸ்கெரே' என்னும் வினையின் இறந்தகால எச்சம் 'நோத்துஸ்'. அதிலிருந்து 'நோத்தித்தியா' பிறந்தது. இது அறியப்பட்டிருக்கும் நிலையைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தபோது இச்சொல் செய்தி, தகவல், அறிவு என்னும் பொருள்களையே கொண்டிருந்தது. பார்வையோடு அதற்குத் தொடர்பில்லை. அந்நூற்றாண்டிலேயே வினையாகவும் சிறுபான்மை வழங்கியது. ஆனால் அவ்வினைக்கு 'அறிவித்தல்' என்பதே பொருள். 17ஆம் நூற்றாண்டில் 'சுட்டிக் கூறுதல்' என்னும் பொருள் வந்தது. தானே கண்டுணர்தல் என்னும் இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வேரூன்றியது. பிறருக்கு அறிவித்தலில் தொடங்கிய வினை தனக்குத் தானே அறிதலில் வந்து நின்றது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இப்புதுப் பொருள் எளிதில் ஏற்கப்படவில்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் 1789 டிசம்பர் 26இல் அகராதியியலாளர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய மடல் இவ்வகையில் புகழ் பெற்றது. ஆங்கில மொழி பற்றிய தம் நூலை வெப்ஸ்டர் அவருக்குக் காணிக்கையாக்கியிருந்தார். அதற்கு நன்றி கூறும் மடலில், தாம் பிரான்சில் இருந்த காலத்தில் நாட்டு மன்றங்களின் பேச்சில் சில புதுவழக்குகள் புகுந்துவிட்டன என்று பிராங்க்ளின் குறைப்பட்டார். 'நோட்டீஸ்' என்னும் பெயரை வினையாக்கியதை அவற்றுள் முதலாவதாக எடுத்துக்காட்டி, 'அட்வகேட்', 'புரோகிரஸ்' ஆகியவற்றை வினையாக ஆளுவதையும் உடன் சேர்த்தார். வெப்ஸ்டரும் இவ்வாறே கருதினால் தம் செல்வாக்கைக் கொண்டு இவற்றைக் கண்டிக்க வேண்டும் என்பது அவர் விண்ணப்பம். பிராங்க்ளின் 1790இல் மறைந்தார். 1828இல் வெளிவந்த வெப்ஸ்டரின் பேரகராதியில் 'நோட்டீஸ்' வினையாகவே இடம்பெற்றது. முதியவர் புதிது என்று எண்ணிய வினைவடிவம் உண்மையில் 300 ஆண்டுப் பழமை உடையது, பொருள்தான் புதிது. தமக்கு அண்மையில் தென்பட்ட வழக்கை அண்மையில் தோன்றிய வழக்காகக் கொள்ளும் இம்மயக்கத்திற்கு ஆர்னால்டு சுவிக்கி என்னும் மொழியியலாளர் 2005இல் ஒரு பெயரே இட்டார். தமிழ்ப் பத்திரிகை நடையைக் கண்டிப்போரிடமும் இது காணப்படாமல் இல்லை.

பிற சொற்களின் வரலாறு இதனினும் சுவையானது. 'அப்சர்வ்' என்பதன் இலத்தீன் அடியான 'செர்வாரே' காத்தலைக் குறிக்கும். 'ரிகார்டு' என்பதனுள் இருப்பது காவல் குறித்த செருமானிய வேர். 'ஹீட்' என்பதன் உறவாகிய செருமன் மொழிச் சொல் 'ஹ்யூட்டன்' இன்றும் ஆடுமாடு காத்தலைக் குறிக்கிறது. விழித்திருத்தலிலிருந்து வந்த 'வாட்ச்' என்பதும் இவற்றுக்கு அயலன்று. ஆக, ஐரோப்பிய மொழிகளில் காவற்காரனின் கண்ணே கவனிப்போன் கண்ணாயிற்று. மற்றொரு கூட்டம் அடையாளமிடுதலிலிருந்து வந்தது. 'மார்க்', 'ரிமார்க்', 'நோட்' ஆகியன இதில் அடங்கும். 'பெர்சீவ்' தனித்து நிற்பது, கையால் பற்றுதலை அடியாகக் கொண்டது.

தமிழில் இவ்வழி எதிர்த்திசையில் அமைந்திருக்கிறது. இங்குக் காத்தலிலிருந்து காண்டல் பிறப்பதைவிடக் காண்டலிலிருந்து காத்தல் பிறப்பதே பெருவழக்கு. 'பிள்ளையைப் பார்த்துக்கொள்', 'கடையைக் கவனித்துக்கொள்' என்பவற்றில் பார்வைச் சொல் பேணுதற் பொருளை ஏற்கிறது. விருந்தினரை நன்கு கவனித்தார்கள் என்றால் உபசரித்தார்கள் என்று பொருள். அலுவலகத்தில் ஒருவரைக் 'கவனிக்க' வேண்டியிருப்பதன் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடையாளமிடுதலிலிருந்து வரும் வழியோ இரு மொழிக்கும் பொது. 'குறி' என்பது அடையாளம். 'குறிப்பு' அதனால் உணரப்படுவது. 'குறிப்பிடு' எடுத்துச் சொல்லுதல். திருக்குறளில் பொருட்பாலிலும் காமத்துப்பாலிலுமாக இரண்டு அதிகாரங்கள் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயர் பெற்றிருத்தல் இச்சொல்லின் ஆட்சியைக் காட்டும்.

கண்டதைக் குறிக்கும் வினை சொன்னதைக் குறிக்கும் வினையாக மாறுவது ஆங்கிலத்தில் பெருவழக்கு. 'அப்சர்வ்' ஏறத்தாழ 1600இலிருந்து 'கருத்துரைத்தல்' என்னும் பொருளையும் பெற்றது. 'ரிமார்க்' இன்று பெரும்பாலும் பேச்சையே குறிக்கிறது. நீதிபதி ஒருவர் 'அப்சர்வ்' செய்தார் என்னும் செய்தியை 'கவனித்தார்' என்று பெயர்த்தால் தீர்ப்பில் அவர் கூறிய கருத்து மறைந்து, அவர் எதையோ பார்த்துக்கொண்டிருந்ததாகிவிடும். அதே வினையின் பழம்பொருளாகிய விதி பேணுதல், நோன்பு நோற்றல் என்பது வேறு. ஆங்கிலம் இவ்விரண்டையும் 'அப்சர்வன்ஸ்', 'அப்சர்வேஷன்' என்று பெயரில் பிரித்துக்கொண்டது. தமிழில் முன்னதற்குக் 'கடைப்பிடித்தல்', 'அனுசரித்தல்' எனவும் பின்னதற்கு 'உற்றுநோக்கல்' எனவும் நல்ல சொற்கள் உள்ளன. இடர்ப்பாடு 'அப்சர்வர்' என்பதில்தான். தேர்தல் ஆணையம் அனுப்பும் அலுவலர் தமிழில் 'பார்வையாளர்' ஆனார். விளையாட்டு அரங்கில் அமர்ந்திருப்பவரும் மருத்துவமனைக்குப் பழத்தோடு வருபவரும் அவ்வாறே அழைக்கப்படுகின்றனர். 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்ந்த 20பி பிரிவின்படி, வாக்குச்சாவடி கைப்பற்றப்பட்டமை போன்ற நிலைகளில் எண்ணிக்கையை நிறுத்துமாறு பணிக்கும் அதிகாரம் இவருக்கு உண்டு. இலத்தீன் வேரிலிருந்த காவற்பொருள் சட்டத்தில் மீண்டும் உயிர்பெற்றிருக்க, தமிழ்ப் பெயர் அவரை வேடிக்கை பார்ப்பவராக்கிவிட்டது.

வினைக்கூறு நோக்கிலும் வேறுபாடு உண்டு. 'அப்சர்வ்' நீளும் வினை. ஒருவர் ஒரு மணிநேரம் பறவைகளை 'அப்சர்வ்' செய்யலாம். 'நோட்டீஸ்' நொடியில் முடியும் வினை. ஒரு மணிநேரம் அதனைச் செய்துகொண்டிருத்தல் இயலாது. கில்பர்ட் ரைல் 1949இலும் சீனோ வெண்ட்லர் 1957இலும் பேறு குறித்த வினைகள் என வகுத்த வகைக்கு இது பொருந்தும். தமிழ்க் 'கவனி' நீளும் வினை ஆதலின் உடன்பாட்டில் 'நோட்டீஸ்' என்பதற்கு நேராவதில்லை. 'கதவு திறந்திருந்தது அவன் கண்ணில் பட்டது' என்று பொருளை எழுவாயாக்கிக் கூறுவதே தமிழ் மரபு. எதிர்மறையிலோ 'கவனிக்கவில்லை' இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் கண்ணிற்படவில்லை, கருத்துச் செலுத்தவில்லை என்னும் இரண்டிற்கும் அது இடந்தருகிறது. வேண்டுமென்றே காணாதிருத்தலுக்குப் பேச்சுவழக்கு 'கண்டுகொள்ளவில்லை' என்னும் தொடரைத் தனியே வைத்திருக்கிறது. இரண்டாம் மொழி கற்றலில் 'நோட்டீசிங்' என்பதன் பங்கை 1990இல் ரிச்சர்டு சிமிட் வலியுறுத்தியபின் அச்சொல் கலைச்சொல்லாயிற்று. கவனம் வேறு, அதன் பயனாக ஒன்று நனவிற் பதிதல் வேறு என்பது அங்கு முதன்மையானது. இரண்டையும் 'கவனம்' என்றே எழுதுவது அக்கோட்பாட்டைக் குலைக்கும்.

இவ்வேறுபாடுகள் மிகக் கூர்மையாக வெளிப்படுமிடம் சட்டம். பொதுவழக்கில் தேய்ந்துபோன 'அறிவு' என்னும் மூலப்பொருள் அங்கே அழியாமல் இருக்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவர் ஒரு செய்தியைப் பற்றி 'நோட்டீஸ்' உடையவர் எப்போது என்பதை வரையறுக்கிறது. அவர் அதனை உண்மையில் அறிந்திருக்க வேண்டும். அல்லது விசாரிக்க வேண்டியதை வேண்டுமென்றே விசாரியாமலோ பெரும் அசட்டையாலோ இருந்திராவிட்டால் அறிந்திருப்பார் என்னும் நிலை இருக்க வேண்டும். இதில் எவரும் எவருக்கும் எதையும் அறிவிப்பதில்லை. 1929ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த விளக்கங்களின்படி, பதிவு செய்யப்பட வேண்டிய ஆவணம் முறைப்படி பதிவாகியிருப்பதே பின்னர் அச்சொத்தை வாங்குபவருக்கு 'நோட்டீஸ்' ஆகும். நிலத்தில் ஒருவர் இருந்து அனுபவித்துக்கொண்டிருப்பதும் அவருக்குள்ள உரிமை பற்றிய 'நோட்டீஸ்' ஆகும்.

1963ஆம் ஆண்டுத் தனித்துயர் தீர்வுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, முந்தைய ஒப்பந்தம் பற்றிய 'நோட்டீஸ்' இன்றி, நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கியவரைக் காக்கிறது. இதனை 'அறிவிப்பு இன்றி வாங்கியவர்' என்று பெயர்த்தால் விளைவு என்ன? முதல் ஒப்பந்தத்தைத் தன் கண்ணாலேயே படித்தறிந்தவரும், தமக்கு எவரும் அறிவிப்பு அனுப்பவில்லை என்று கூறித் தப்பலாம் எனத் தமிழ் மட்டும் அறிந்த வாசகர் கருதுவார். உழுது பயிரிட்டுக்கொண்டிருப்பவரின் நிலத்தை விலைக்கு வாங்குவோரும் அவ்வாறே எண்ணுவார். அறிவிப்பு என்பது அனுப்புவோர் செயல். சட்டம் கேட்பதோ வாங்குவோர் அறிவை. ஆங்கில மூலமும் தமிழ்ப் பெயர்ப்பும் இங்கு எதிரெதிர் ஆளைப் பொறுப்பாக்குகின்றன.

அறிவிப்பு என்பதே சரியான சொல்லாகும் இடங்களும் உண்டு. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு அரசின்மீது வழக்குத் தொடருமுன் எழுத்து மூலம் கொடுக்கச் சொல்வது அத்தகையது. வக்கீல் விடும் நோட்டீசும் அதுவே. தெருவில் ஒட்டப்படும் தாள்வரை இச்சொல் தமிழாகவே ஆகிவிட்டமையால், பெயர் என்றாலே தாள் என்னும் எண்ணம் மொழிபெயர்ப்பாளர் மனத்தில் முந்திக்கொள்கிறது.

எப்பொருள் என்பதை ஆங்கிலத்தில் உடன்வரும் வினையே காட்டிவிடும். 'நோட்டீஸ்' கொடுக்கப்படுமாயின் அறிவிப்பு, ஒருவர் அதனை உடையவராயின் அறிந்திருத்தல், எடுக்கப்படுமாயின் கருத்திற்கொள்ளல். மூன்றாவதற்குச் சான்று, மெய்ப்பிக்க வேண்டாமலே நீதிமன்றம் தானாக ஏற்றுக்கொள்ளும் செய்திகளைக் குறிக்கும் 'ஜுடிசியல் நோட்டீஸ்' என்னும் தொடர். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இத்தொடர், அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் ஆங்கில வடிவிலும் அப்படியே தொடர்கிறது. அதனை 'நீதிமன்ற அறிவிப்பு' என்று எழுதுவோர், நீதிமன்றம் அறிந்தேற்ற ஒன்றை நீதிமன்றச் சுவரில் ஒட்டிய தாளாக்கிவிடுகின்றனர்.