மை, மசி, நுவார்

புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில் ஏரிப்பாக்கம் என்றோர் ஊர். எம்ஆர்எஃப் டயர் ஆலை ஒன்று அங்கே இருக்கிறது. எந்த டயர் ஆலையானாலும் ரப்பருக்கு அடுத்தபடி வண்டி வண்டியாக வந்திறங்குவது ஒரு கறுப்புத் தூள்தான். சரக்குச் சீட்டில் ‘கார்பன் பிளாக்’. பேச்சில் வெறும் ‘கார்பன்’. தமிழில் என்ன பெயர் என்று கேட்டால் புகைக்கரி, கரிக்கறுப்பு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இத்தனைக்கும் பொருள் நமக்குப் புதிதல்ல.

பழந்தமிழில் மை என்றால் கறுப்பு. மேகம், இருள், குற்றம், கண்ணுக்கு இடுவது, எழுதுவது எல்லாம் அந்த ஓரெழுத்துக்குள் அடக்கம். மசி அதன் கூட்டாளி. தெலுங்கிலும் கன்னடத்திலும் மசி என்றால் இன்றும் அடுப்படிக் கரி. மலையாளத்தில் மஷி எழுதும் மை. எழுதுபொருளின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை அண்டை வீட்டுக்காரர்கள் மறக்கவில்லை.

ஆமணக்கெண்ணெய் விளக்கேற்றி, சுடர்மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். குளிர்ந்த உலோகத்தில் மோதும் சுடர் முழுதாக எரிய வழியின்றித் தன் கரியைத் தட்டிலேயே விட்டுவிடும். அதைச் சுரண்டி எண்ணெயில் குழைத்தால் கண்மை. ஓலைச்சுவடிக்கும் கரி வேண்டும். எழுத்தாணி கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கரியை எண்ணெயிலோ ஊமத்தை, கோவை இலைச்சாற்றிலோ கலந்து தடவித் துடைத்தால்தான் கீறல் கறுக்கும். பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் சடங்குக்கு ‘மையாடல்’ என்று பெயர் வந்தது இதனால்தான். புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. ஓலையைப் பூச்சி அரிக்கும், வெயில் முறிக்கும். கரி மட்டும் வெளிறாது.

பிரெஞ்சுக்காரர் விளக்குக்கரியை ‘நுவார் த ஃப்யுமே’ என்றார்கள், புகைக்கறுப்பு. ஆலைச் சரக்குக்கு ‘நுவார் த கர்போன்’ என்று தனிப்பெயர் வைத்துக்கொண்டார்கள். இந்தக் கரியில் செய்த மையை ஆங்கிலேயர் இந்திய மை என்பார்கள். பிரெஞ்சுக்காரருக்கோ அது சீன மை. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதியையும் ‘வீல் நுவார்’, அதாவது கறுப்பு நகரம், என்றுதான் குறித்தார்கள். இந்த ஊரில் நுவார் வெறும் நிறப்பெயராக இருந்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் இயற்கை எரிவாயுச் சுடரை இரும்புச் சட்டங்களில் மோதவிட்டுக் கரியைச் சுரண்டினார்கள். நம் பித்தளைத் தட்டு வேலையேதான், அளவுதான் பெரிது. இன்று கனமான எண்ணெயை 1300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலையில் பீய்ச்சி, நொடிப்பொழுதில் தண்ணீர் தெளித்து வினையை நிறுத்துகிறார்கள். கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் இப்படிப்பட்ட ஆலைகள் உண்டு.

தொடக்கத்தில் டயர் கறுப்பாக இல்லை. 1898-இல் பிறந்த மிஷலின் பொம்மை இன்னும் வெள்ளையாக இருப்பது அந்த நினைவில்தான். 1904 வாக்கில் லண்டன் சில்வர்டவுன் ரப்பர் ஆலையில், இந்தத் தூளைச் சேர்த்தால் ரப்பர் பலமடங்கு தேய்மானம் தாங்கும் என்று கண்டார்கள். வேலை செய்வது நிறமல்ல, நுண்மை. ஒரு துகள் சில பத்து நானோமீட்டர். துகள்கள் கொத்துக் கொத்தாக ஒட்டி ரப்பர் இழைகளைப் பிடித்துக்கொள்கின்றன. என்110, என்330, என்550 என்று தரம் பிரிப்பதில் முதல் இலக்கம் சிறிதானால் துகளும் சிறிது. மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியையும் குடிநீர்க் குழாயையும் வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து காப்பதும் இதுவே. பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு போதும். செய்தித்தாள் மையும் இதுதான்.

இதைப் புகைக்கரி என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. புகைக்கரி என்பது அரைகுறையாக எரிந்த குப்பை; தாரும் நச்சு எண்ணெய்ப் பொருள்களும் ஒட்டியது. கார்பன் பிளாக் 97 விழுக்காட்டுக்கு மேல் தூய கரிமம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகைக்கரியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கார்பன் பிளாக்கை ‘உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில்.

அதனால் அது சாது என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கச் சட்டப்படி வேலையிடக் காற்றில் கன மீட்டருக்கு 3.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. துடைப்பத்தாலோ காற்றுக்குழாயாலோ கூட்டினால் தூள் மூச்சில் ஏறும். நுண்வடிகட்டி வைத்த உறிஞ்சியால்தான் எடுக்க வேண்டும். மின்சாரம் கடத்துவதால் சுவிட்ச் பெட்டிக்குள் புகுந்தால் கோளாறு. தீப்பிடித்தால் சுடரே தெரியாமல் உள்ளுக்குள் கனலும், கார்பன் மோனாக்சைடு சேரும். சேமிப்புக் கலத்துக்குள் காற்றைச் சோதிக்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது. கனலும் குவியலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் தூள் தெறித்து நெருப்பு பரவும். பூந்தூறலாகத் தெளிக்க வேண்டும்.

போகியன்று தெருவில் எரியும் டயரிலிருந்து வருவது ஆலையில் சேர்த்த கார்பன் பிளாக் அல்ல, முதல் பிரிவில் உள்ள புகைக்கரி. பழைய டயரைக் காயலான் கடையில் போடுங்கள்; கொளுத்தாதீர்கள்.