ரேகன்ஸ்பர்க் 1541: மீட்புக் கோட்பாடும் முறிந்த சமரசமும்

விசுவாசத்தால் மீட்பு என்பார் புராட்டஸ்டண்டார். நற்கிரியையால் மீட்பு என்பார் கத்தோலிக்கர். மறைக்கல்வி வகுப்புகளில் இப்படி இரண்டே வரியில் கதையை முடித்துவிடுவது வழக்கம். ஆவணங்களைப் புரட்டினால் அந்தக் கதை நிற்பதில்லை. 1547 ஜனவரி 13 அன்று திரெந்து பொதுச்சங்கம் நிறைவேற்றிய 33 கண்டன விதிகளில் முதலாவது, கிறிஸ்துவின் அருளில்லாமல் தன் சொந்தச் செயல்களாலேயே மனிதன் நீதிமானாக முடியும் என்பவனைத்தான் சபிக்கிறது. மறுபக்கம், 1530இல் லூத்தர் தரப்பார் பேரரசர் முன்னிலையில் வாசித்த ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 6ஆம் பிரிவு, விசுவாசம் நற்கனி தந்தே ஆகவேண்டும் என்கிறது.

பிறகு எதற்கு இத்தனை பெரிய பிளவு?

விடை தேட 1541க்குப் போகவேண்டும். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ரேகன்ஸ்பர்க் நகரில் இரு தரப்பிலிருந்தும் மும்மூன்று இறையியலாளர்களை உட்காரவைத்தார். எக், குரோப்பர், புளுக் கத்தோலிக்கர் பக்கம். மெலாங்தன், புட்சர், பிஸ்டோரியஸ் புராட்டஸ்டண்டார் பக்கம். எக் சாதாரண ஆள் அல்லர். 1519இல் லைப்சிக் நகரில் லூத்தரோடு நேருக்கு நேர் வாதிட்டவர். அவரையும் வைத்துக்கொண்டே மே மாதத் தொடக்கத்தில் நீதிமானாக்கப்படுதல் பற்றிய 5ஆம் பிரிவில் உடன்பாடு எட்டப்பட்டது. மீட்பைத் தரும் விசுவாசம் அன்பின் வழியே செயல்படும் உயிருள்ள விசுவாசம். ஆனாலும் மனிதன் சார்ந்து நிற்பது தனக்குள் உண்டான நீதியை அல்ல, கிறிஸ்துவின் நீதியையே. இதுதான் அதன் சாரம். அங்கே வந்திருந்த கால்வின், எதிர்த்தரப்பு இவ்வளவு விட்டுக்கொடுத்ததே என்று வியந்து நண்பர் ஃபாரலுக்குக் கடிதம் எழுதினார்.

விட்டன்பர்க்கிலிருந்த லூத்தருக்கோ இது ஒட்டுப்போட்ட துணியாகத் தெரிந்தது. ரோமும் ஏற்கவில்லை. ஆனால் பேச்சு மேசையிலேயே முறிந்த இடம் இதுவல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நற்கருணை பற்றிய பிரிவு வந்ததும் அப்பமும் இரசமும் பொருள்மாற்றம் அடைகின்றன என்பதில் போப்பின் தூதர் கொந்தாரினி அசையவில்லை, புராட்டஸ்டண்டாரும் இறங்கிவரவில்லை. திருச்சபையின் அதிகாரம், பாவசங்கீர்த்தனம் என்று தகராறு நீண்டது. அந்த மாதம் முடிவதற்குள் பேச்சு ஓய்ந்தது.

5ஆம் பிரிவே இரு பொருள்பட எழுதிய மழுப்பல்தான் என்று சிலர் சொல்வர். அதில் பாதி நியாயம் உண்டு. நீதிமானாக்கப்பட்டவன் இன்னும் பாவிதானா, அவன் நற்செயலுக்குப் பலன் உண்டா என்ற கேள்விகள் அங்கே தீரவில்லை. ஆனால் புராட்டஸ்டண்டாரைக் கண்டித்துப் பல தொகுதிகள் எழுதிய கர்தினால் பெல்லார்மினோவே, தன் நீதியின் நிச்சயமின்மையைக் கருதினால் இறைவனின் இரக்கத்தை மட்டும் நம்புவதே பாதுகாப்பு என்றுதான் முடிக்கிறார். மரணப் படுக்கையில் எதைப் பற்றிக்கொள்வது என்ற இடத்தில் அவர் லூத்தருக்கு வெகு அருகில் நிற்கிறார்.

வேதத்தை வைத்துப் பவுலையும் யாக்கோபையும் மோதவிடுவதும் முதலில் சொன்ன இரண்டு வரிக் கதையின் வகைதான். இருவரும் எடுத்தாள்வது ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்து ஆபிரகாமையே. அவன் விருத்தசேதனம் பெறுவது 17இல். அதற்கு முன்பே அவன் நீதிமான் என்பது பவுலின் வாதம். யாக்கோபு 22ஆம் அதிகாரத்துக்குத் தாவி, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியபோது அந்த விசுவாசம் நிறைவடைந்தது என்கிறார். பவுலின் கேள்வி உள்ளே நுழைவது எப்படி என்பது. யாக்கோபின் கேள்வி நுழைந்தவன் எப்படி இருப்பான் என்பது. லூத்தர் தன் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் 1522 முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று சொன்னது அவசரத் தீர்ப்பு. பிந்தைய பதிப்புகளில் அந்த வரி இல்லை.

முறிந்த சமரசத்தின் விலையைத் தமிழும் கொடுத்தது. 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி லூத்தரன் மிஷனுக்கு எதிராக வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதியது இந்த ஐரோப்பிய வழக்கின் நீட்சியே.

1999 அக்டோபர் 31 அன்று அதே ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அதில் விளக்கப்பட்ட போதனைக்கு 16ஆம் நூற்றாண்டின் சாபங்கள் பொருந்தா என்றன. ஜெர்மானியப் பேராசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் எதிர்த்தும் அது நின்றது. 2006இல் மெதடிஸ்ட் சபைகளும் 2017இல் சீர்திருத்த சபைகளும் சேர்ந்துகொண்டன. மீட்பைப் பற்றி இவ்வளவு ஒத்துப்போன பிறகும், லூத்தரன் ஒருவர் கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை பெற அந்தச் சபையின் சட்டம் பொதுவாக இடம் தரவில்லை.