தக்கை

1613 ஜூன் 29ந் தேதி லண்டனில் க்ளோப் நாடகக் கொட்டகை எரிந்து போயிற்று. ஷேக்ஸ்பியரின் எட்டாம் ஹென்றி நடந்துகொண்டிருந்தது. மேடையில் ராஜா வரும்போது மரியாதைக்குச் சிறு பீரங்கி வெடித்தார்கள். அதில் குண்டு கிடையாது. மருந்தை அடைக்கத் திணித்திருந்த காகிதமோ வேறெதுவோ கனன்றபடியே பறந்து வேய்ந்த கூரையில் விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. இலக்கிய சரித்திரக்காரர்கள் தீயைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் திணிப்புதான் முக்கியமாகப் படுகிறது.

வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கியின் சரித்திரம் பெரும்பாலும் விசையின் சரித்திரமாகவே எழுதப்பட்டிருக்கிறது. முதலில் சக்கிமுக்கிக் கல். பிறகு 1807ல் ஃபோர்ஸைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் காப்புரிமை பெற்ற, அடித்தால் பற்றும் மருந்து. பீட்டர் ஹாக்கர் 1814ல் இளம் வேட்டைக்காரர்களுக்கென்று வெளியிட்ட கையேடு பல பதிப்புகள் கண்டது. அந்தத் தலைமுறையின் இரட்டைக்குழல் துப்பாக்கியில், சுடுகிறவனின் விரல்கள் மிஞ்சுவது விசையைவிடத் தக்கையைப் பொறுத்திருந்தது.

வரிசை எளிமையானது. அளந்த கருமருந்து. அதன்மேல் குழலை இறுக்கிப் பிடிக்கும் தடித்த அட்டை வட்டம்; இது வாயுவை மேலே கசிய விடாது. அடுத்து கம்பளித் தக்கை. எண்ணெய்ப் பசை ஏற்றியிருந்தால் குழலின் கரியையும் இளக்கும். பிறகு ஈய ரவை. அதன்மேல் மெல்லிய அட்டை. இது தடித்துவிட்டால் ரவை கலைந்து சிதறும். எரியூட்டும் மூடியைக் கடைசியில்தான் பொருத்த வேண்டும். காகிதத்தையோ சணலையோ திணிப்பவன் க்ளோப்பின் தவறையே செய்கிறான்: அவை கனன்றுகொண்டே போய் விழும்.

உண்மையான ஆபத்து சுடாத குழலில் இருக்கிறது. ஒரு குழலைச் சுட்ட உதைப்பில் மற்றதன் மேலட்டை நழுவி, ரவையும் முன்னுக்கு நகர்ந்துவிடலாம். மருந்துக்கும் பாரத்துக்கும் நடுவே வெற்றிடம் விழுந்தால் குழல் அங்கே வெடிக்கும். ஆகவே காலியான குழலை மறுபடி கெட்டிக்கும்போது, சுடாத குழலின் மூடியை முதலில் கழற்றிவிட்டு, அதனுள்ளும் கோலை விட்டு அமுக்கிப் பார்க்க வேண்டும். கோலில் இரண்டு கோடுகள் போதும்: குழல் காலியாக இருக்கும்போது ஒன்று, சரியாகக் கெட்டித்திருக்கும்போது ஒன்று. இரண்டு தடவை மருந்து போட்டுவிட்ட மறதியையும் அந்தக் கோடு காட்டிக் கொடுத்துவிடும்.

1851 லண்டன் கண்காட்சியில் பின்புறம் திறக்கும் பிரெஞ்சுத் துப்பாக்கியைப் பார்த்த பிறகு ஆங்கிலக் கொல்லர்கள் மெல்ல அந்தப் பக்கம் திரும்பினார்கள். தக்கை தோட்டாவுக்குள் போயிற்று. அதை மனிதன் பார்ப்பது நின்றது. இதை முன்னேற்றம் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தான் உள்ளே வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்த ஒரு கைப்பழக்கமும் அதோடு போயிற்று. பறவையின் மேல் படாமல் பாதி வழியிலேயே விழுந்துவிடும் ஒரு அட்டைத் துண்டுதான் அந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்திருந்தது.