சதுரங்கப்பட்டினத்தில் பேசப்பட்ட நவாப் பதவி

கல்பாக்கத்தை ஒட்டியுள்ள சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், ஆர்க்காட்டு நவாப் யார் என்பதை முடிவு செய்ய ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1754 ஜனவரியில் கூடிப் பேசிய ஊர் இதுவே என்பதை நம்மில் பலர் அறியோம்.

கடல் கடந்து வணிகம் செய்ய வந்தவர்களுக்கு இந்நாட்டின் நவாப் யாராயிருந்தால் என்ன? 1746 வரை அவர்களும் அப்படித்தான் இருந்தனர்; நவாபுக்கு நஜர் செலுத்தி, அனுமதி பெற்று வாழ்ந்தனர். அவ்வாண்டு சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர்கள் மீது நவாப் அன்வருத்தீன் கான் படை அனுப்பினார். அடையாற்றங்கரையில் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சு அணி, ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கொண்ட அப்படையைச் சிதறடித்தது. நவாபை அஞ்ச வேண்டியதில்லை, நவாபை ஆக்கவே இயலும் என்ற எண்ணம் புதுச்சேரி ஆளுநர் டூப்ளேக்கு அதன்பின் வலுப்பட்டது. தம் ஆள் அரியணையில் இருந்தால் ஊர்களின் வரி வருவாயும் துறைமுகங்களும் தமக்கு. எதிரியின் ஆள் இருந்தால் எல்லாம் எதிரிக்கு.

1748இல் ஐரோப்பாவில் இரு நாடுகளும் சமாதானம் செய்துகொண்டன. ஆகவே நேருக்கு நேர் போரிட இயலாது. நவாபின் துணைப்படை என்ற பெயரில் போரிடலாம் அல்லவா? பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாஹிபைத் தூக்கிப் பிடித்தனர். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். திருச்சிராப்பள்ளியில் தஞ்சம் புகுந்த அவர் மகன் முஹம்மது அலியை ஆங்கிலேயர் பற்றிக்கொண்டனர். 1752இல் சந்தா சாஹிப் தஞ்சைத் தளபதியிடம் சரணடைந்து, தலை வெட்டப்பட்டு மாண்டார். டூப்ளே அப்போதும் ஓயவில்லை. வேறு ஆட்களைத் தேடினார். சந்தா சாஹிபின் உரிமை மீது அவருக்கு இருந்த பற்று எத்தகையது என்பது இதிலேயே விளங்கும்.

போரினால் களைத்த இரு தரப்பும் பேச முன்வந்தன. சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரர் வசம் இருந்தது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ஏறத்தாழ நடுவிலும் இருந்தது. ஆங்கிலத் தரப்பில் பாக், வான்சிட்டார்ட் ஆகியோரும், பிரெஞ்சுத் தரப்பில் ஏசு சபைப் பாதிரியார் லவோர் முதலானோரும் வந்தனர். பாக் என்பவரும் கோட்டைப் பாதிரியாராக இருந்தவரே. பாக் நீரிணை இவர் பெயரால் அழைக்கப்படுகிறது. முஹம்மது அலியை நவாபாக ஏற்க வேண்டும் என்றனர் ஆங்கிலேயர். தக்காணச் சுபேதார் சலாபத் ஜங்கிடம் தாங்கள் பெற்ற சனதுகளைக் காட்டினர் பிரெஞ்சுக்காரர். ஆவணங்களின் மெய்ப்பொய் குறித்த வாதமே மிஞ்சியது, பேச்சு முறிந்தது. குடிகள் யாரை விரும்பினர் என்பது அங்கே கேள்வியே அல்ல!

அவ்வாண்டே டூப்ளே தாயகத்திற்குத் திருப்பி அழைக்கப்பட்டார். 1761இல் புதுச்சேரி வீழ்ந்தது. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் முஹம்மது அலி கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் என இரு நாடுகளும் எழுதிக்கொண்டன. அதே உடன்படிக்கை சலாபத் ஜங்கைத் தக்காணச் சுபேதார் என ஏற்றது. அவரையோ அவர் தம்பி 1762இலேயே பதவியிறக்கிச் சிறை வைத்திருந்தார்.

வென்றவர் பெற்றது என்ன? அதே 1763இல் செங்கல்பட்டுச் சீமையை முஹம்மது அலி கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தம்மை அரியணையில் அமர்த்திய போர்களின் செலவு அவர் கணக்கிலேயே கடனாக ஏறியது. 1795இல் அவர் இறந்தபோதும் கடன் தீரவில்லை. மகன் உம்தத்துல் உமரா 1801இல் காலமானார். திப்பு சுல்தானுடன் இரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்ததாக அக்குடும்பத்தின் மீது குற்றம் சுமத்திய கம்பெனி, நாட்டாட்சியைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு உம்தத்துல் உமராவின் மகன் அலீ ஹுசைனிடம் கேட்டது. அவர் மறுத்தார். கம்பெனி அவரை ஒதுக்கிவிட்டு, முஹம்மது அலியின் மற்றொரு பேரரான அஸீமுத் தௌலாவை நவாப் ஆக்கியது. அவர் கையொப்பமிட்டார்.