சுவர் கற்பித்த பாடம்

எவரை நேசிக்க வேண்டும் என்பதை மறைக்கல்வி வகுப்பில் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆனால் எவரோடு அமர்வது, எவர் வீட்டில் உண்பது என்பவற்றை அவர்கள் நம் நடத்தையிலிருந்தே கற்றுக்கொள்கிறார்கள். பெரியவர்கள் அமைத்துவைக்கும் ஒழுங்குகள் பிள்ளைகளுக்குப் பாடநூல்களாகிவிடுகின்றன. இதற்கு நெல்லைச் சீமையின் வரலாறே சான்று பகரும்.

1745-ஆம் ஆண்டில் நீலகண்ட பிள்ளை என்பவர் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேற்றுமை பாராமல் மாந்தர் யாவரும் சமம் என வலியுறுத்திய அவர், 1752-இல் மறைசாட்சியாக உயிர் துறந்தார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார்.

அதே ஊரில் 1872-இல் எழுந்த ஆலயத்தில் பலிபீடம் ஒன்று. மக்கள் கூடும் மண்டபங்களோ இரண்டு. அவற்றின் இடையே ஒரு சுவர். தம்மை உயர்ந்தோராகக் கருதியவர்கள் ஒருபுறமும் ஏனையோர் மறுபுறமும் நின்று ஒரே திருப்பலியில் பங்கேற்றனர். தாயின் கைப்பிடித்து அங்கு வந்த குழந்தைக்கு, தான் எப்பக்கத்தைச் சேர்ந்தவன் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. சுவரே அதைச் சொல்லிற்று. அக்குழந்தை வளர்ந்து தன் மக்களையும் அதே பக்கத்திற்கு அழைத்துவரும் அளவுக்கு, 38 ஆண்டுகள் அச்சுவர் நின்றது.

1910-இல், சேசு சபைக் குருவான கௌசானல் அடிகளாரின் காலத்தில், திருச்சி ஆயரின் இசைவோடு அது இடிக்கப்பட்டது. தனியிடத்தைத் தம் உரிமை எனக் கருதியவர்கள் வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை.

கற்சுவர் மட்டுமா பிரிக்கிறது? 1922-இல் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் தொடங்கினார். தாய்மொழிப் பற்றும் நாட்டுப்பற்றும் மிக்க இளைஞரை உருவாக்குவதே அவர் நோக்கம். எனினும் பெற்றோரின் விருப்பத்திற்கு இணங்கி, இரு பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவளிக்க ஒப்பினார். வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ.ரா.வும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1925-இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. தனியே இடப்பட்டவை இரண்டே இலைகள்தாம். ஆயினும் உடன் பயின்ற மாணவர் அனைவருக்கும் அவை ஒரு பாடத்தைப் புகட்டியிருக்கும்.

சாதிக்கொரு பகுதியாகக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்துவைத்த ஊர்கள் நம்மிடையே இன்றும் உள்ளன. "ஏன் இப்படி?" என்று பிள்ளை கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? "பேசாமல் இரு" என்று அடக்கினால், அடுத்த தலைமுறைச் சுவருக்கு அன்றே அடித்தளம் இடுகிறோம். அக்கேள்விக்கு உண்மையான விடை கூறுவோம். வேற்றுச் சாதி நண்பனைப் பிள்ளை வீட்டிற்கு அழைத்துவந்தால், ஒரே பந்தியில் அமர்த்தி உணவு பரிமாறுவோம். அந்நண்பனை எவரேனும் இழிவாகப் பேசினால், அவன் பக்கம் நின்று "இது தவறு" என்று சொல்லும் துணிவை நம் பிள்ளைக்கு ஊட்டுவோம். அதற்கு முன், அவ்வாறு சொல்லும் நம்மை அவன் ஒருமுறையேனும் கண்டிருக்க வேண்டும்.